நான்கெல்லைக்குட்பட்ட வீடு

பத்திரத்தில் பெயர் தப்பாக விழுந்துவிட்டால் பெரிய மோசமில்லை, திருத்திக்கொள்ளலாம். எல்லை தப்பினால்தான் வம்பு. தென்காசி சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே புங்கமரத்தடியில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்து இருபத்தேழு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவன் நான். வருகிறவர்கள் எல்லாரும் பெயரைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். தகப்பனார் பெயரைப் போட்டீரா, இனிஷியலைப் போட்டீரா என்று நச்சரிப்பார்கள். நான் எல்லையைத்தான் கேட்பேன். வடக்கே யார், தெற்கே என்ன, கிழக்கே வாய்க்காலா வரப்பா? நான்கு எல்லையும் சரியாக விழுந்துவிட்டால், அந்த இடம் உலகத்தில் வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

இதை முதலில் எழுதிக்கொள்ளும், சுந்தரபாண்டியன். நீர் பள்ளிக்கூடத்து வாத்தியார், இப்போது விழாவுக்கும் செயலாளர். எப்போது பிறந்தேன், எங்கே படித்தேன் என்று வரிசையாகக் கேள்வி எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர். அதிலெல்லாம் பாடுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. பத்தாவது வருஷம், விழாவைத் தொடங்கி வைத்தவன் என்று என்னையே மேடையில் உட்கார வைக்கக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. சரி, எனக்குச் சம்மதம். ஆனால் என் கதை என்று ஒன்று இருந்தால், அது ஏழு வருஷத்துக்கு முந்தி நான் செய்த ஒரு காரியம்தான். அது குற்றம். தெரிந்தே செய்தேன். நான் பதறாமல் சொல்கிறேன், நீரும் பதறாமல் எழுதும்.

செங்கோட்டை நம்மோடு சேர்ந்த மறு வருஷம், ஐம்பத்தேழில், விழாவை ஆரம்பித்தோம். யோசனை என்னுடையது. கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் பாடுவதெல்லாம் செத்துப்போனவர்கள் கதை. வெட்டுப்பட்டவன், கிணற்றில் விழுந்தவள், அநியாயமாகப் போய்ச் சேர்ந்து பிறகு தெய்வமானவர்கள். உயிரோடு இருக்கிறவர்களைப் பாடினால் என்ன, அவர்களே உட்கார்ந்து கேட்கட்டுமே என்று வாசகசாலையில் ஒருநாள் கேட்டேன். வக்கீல் ஆவுடைநாயகம் பிள்ளை அப்போதே மேஜையைத் தட்டி, நடத்துவோம் என்றார். அவர் தலைவர், நான் செயலாளர். ‘ஊரார் கதை விழா’ என்று பெயர் வைத்து, ஆடிச் சாரலில் குற்றாலத்தில் கீற்றுக் கொட்டகை போட்டோம். குளிக்க வருகிற வெளியூர் ஜனமும் சேர்ந்துகொள்ளும் என்பது கணக்கு.

முதல் வருஷம், அருவிக்கரையில் நாற்பது வருஷமாக எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவரை எடுத்தோம். அடுத்த வருஷம் வடகரையிலிருந்து தறிச் சேலையைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்ற ஹைருன் பீவி. கதை முடிந்ததும் அந்த அம்மாள் சால்வையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்கள். “எனக்குன்னு ஒரு பேரு இருக்குங்கதே மறந்து போச்சுய்யா. எல்லாரும் சேலைக்காரம்மாங்காவ. இன்னைக்கு மைக்குல சொல்லுதாவ” என்றார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. நல்ல காரியம் செய்கிறோம் என்று நான் நம்பியது பொய்யில்லை. அதையும் எழுதும்.

விழாவுக்கு இரண்டு விதி உண்டு. இரண்டும் நான் போட்டவை. எண்ணெய்க்காரர், வில்லில் ஒவ்வொரு வரிக்கும் குறுக்கே எழுந்து, “இல்லய்யா, அது புதன்கிழம” என்று திருத்தப் போய், பாட்டு முடியவே பொழுது விடிந்துவிடும் போலிருந்தது. அதனால் மேடையில் உட்காருகிறவர் மங்களம் பாடி முடிகிறவரை வாய் திறக்கக் கூடாது என்று ஒரு விதி. அதற்கு ஈடாக இன்னொன்று: அவர் கதையை எழுதியவுடன் முன்கூட்டியே வீட்டுக்குப் போய் முழுசும் வாசித்துக் காட்ட வேண்டும். கேட்டுச் சம்மதித்தால் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். கைநாட்டு விழாத தாள் மேடை ஏறாது. பத்திரத்தில் எப்படியோ அப்படியே. வக்கீலுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மூன்றாம் வருஷம், ஐம்பத்தொன்பதில், மருத்துவச்சி முத்துவடிவை எடுத்தோம். தென்காசியில் அப்போது இருந்த பாதிப் பேர் அவள் கையில் விழுந்தவர்கள். நானும் அவள் அம்மா கையில் விழுந்தவன்தான். நான்கு நாள் மத்தியானம் அவள் வீட்டுக்குப் போய் நோட்டும் கையுமாக உட்கார்ந்தேன். தங்கச்சி மகள் என்று சொல்லி ஒரு பிள்ளையை வளர்த்துக்கொண்டிருந்தாள். பத்து வயது. நான் எழுதுவதை அந்தப் பிள்ளை எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படிக்கும். “மாமா கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு” என்று என்னிடமே சொன்னது.

நான்காம் நாள் கேட்டேன், “இத்தன பேறு பாத்திருக்கியே, மறக்கவே முடியாதது எது?”

முத்துவடிவு வாசலை எட்டிப் பார்த்தாள். பிள்ளை வெளியே பாண்டி விளையாடிக்கொண்டிருந்தது.

“ஒண்ணு இருக்குய்யா. பங்குனி உத்திரத்துக்கு மறுநாளு. இவ வயசுதான் கணக்கு. கல்யாணம் ஆகாத பொண்ணு, தலைப்பேறு. ஒரு ராப்பகல் கிடந்து துடிச்சா. பிள்ள பொறந்ததும், கண்ணுல காட்டாத, பின்னால வாய்க்கால்ல விட்டுருன்னுட்டாவ அந்த வீட்டுக்காரவ. எனக்கு மனசு வரல. கடகப்பெட்டியில பழஞ்சேலையப் போட்டுப் பிள்ளயக் கிடத்தி, மேல துணிய மூடி, பட்டப்பகல்ல தெரு வழியே கொண்டாந்துட்டேன். மருத்துவச்சிக்குப் படி நெல்லு அளந்துருக்காவன்னு நினைச்சிருப்பாவ. ஒருத்தரும் கேக்கல.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே பயம் வந்துவிட்டது.

“இத எழுதிப்பிடாதீங்க ஐயா. அவ இன்னைக்குப் புருசனோட நல்லா இருக்கா. இந்தப் பிள்ளைக்கும் ஒண்ணும் தெரியாது.”

அவள் கண்முன்னாலேயே நோட்டை மூடினேன்.

எந்த வீடு என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. நாற்பத்தொன்பது பங்குனி, பின்னால் வாய்க்கால், கல்யாணமாகாத பெண். அந்த வருஷம் தை மாசத்திலிருந்து நான்கு மாசம் ஒரு வீட்டில் பெண்ணுக்கு டைபாய்டு என்று சொல்லி வாசலைச் சாத்தி வைத்திருந்தார்கள். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு நான் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அது என் தாய்மாமன் வீடு. அந்தப் பெண் எனக்கு முறைப்பெண். மறு வருஷம் அவளைக் கடையத்தில் கொடுத்தார்கள். அம்மா போய்க் கேட்டதற்கு, “மரத்தடியில உக்காருதவனுக்கா என் பிள்ளய நேந்து விட்டுருக்கேன்?” என்று மாமா கேட்டாராம். அதற்குப் பிறகு எனக்குப் பெண் பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தமில்லை. இந்த வரிக்கு அடியில் ஒரு கோடு போடும்.

கதையை எழுத உட்கார்ந்தபோது நியாயமாகத்தான் யோசித்தேன். ஆயிரம் பேறு பார்த்த மருத்துவச்சிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வாய்க்காலுக்குப் போக வேண்டிய ஓர் உயிரைக் கடகப்பெட்டியில் தூக்கிக்கொண்டு வந்தவள் இவள் ஒருத்திதான். அதை விட்டுவிட்டு எழுதினால் அது முத்துவடிவின் கதையே இல்லை. அவள் வேண்டாம் என்றது அடக்கத்தால் என்று எடுத்துக்கொண்டேன். மொத்தம் பதினொரு தாள் வந்தது. அந்தப் பேறு ஏழாம் தாள். அந்தப் பெண்ணின் பெயரை நான் போடவில்லை. வேண்டுமானால் அந்தத் தாள் வாசகசாலை அலமாரியில் இன்றும் இருக்கிறது, போய்ப் பாரும். தொழில் பழக்கம், கை தானாக எல்லையை எழுதிவிட்டது. நந்தவனத்துக்கு வடக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, இடிந்த கல்மண்டபத்துக்குக் கிழக்கு. இந்த நான்கெல்லைக்குட்பட்ட வீட்டில் ஒரு கன்னிப்பெண் என்று எழுதியிருந்தேன்.

விதிப்படி வாசித்துக் காட்டப் போனேன். அன்றைக்கு நம்மூர்க் காற்று சும்மா இருக்கவில்லை. வாசிக்கிற தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றதை ஒரு கல்லுக்கு அடியில் வைத்திருந்தேன். முத்துவடிவு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள். அவள் அம்மா செத்த இடத்தில் அழுதாள். பிரசவ வீட்டில் மாமியாரும் மருமகளும் போட்ட சண்டையைக் கேட்டுச் சிரித்தாள். கடைசியில், “அந்தச் சேதி இல்லல்லா ஐயா?” என்று கேட்டாள்.

“நீ வேண்டாம்னு சொன்னத நான் எழுதுவனா?” என்றேன்.

அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டி, பதினொரு தாளிலும் கைநாட்டு வாங்கினேன். எழுத்தைப் பார்த்து அவளுக்கு என்ன தெரியும்? எறும்பு ஊர்ந்த மாதிரி என்று பிள்ளை சொன்னதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே விரலை நீட்டினாள்.

ஆடி மூன்றாம் ஞாயிறு, சாயங்காலம் ஐந்து மணிக்கு விழா. சாரல் பூப்போல விழுந்துகொண்டிருந்தது. கொட்டகை நிறைந்து ஜனம் வெளியே குடை பிடித்து நின்றது. முத்துவடிவு புதுச் சேலை கட்டி, மேடையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். முதல் வரிசையில் பிள்ளை, இரட்டைச் சடையில் சிவப்பு ரிப்பன். மூன்றாவது வரிசையில் கடையத்திலிருந்து வந்த அந்த வீட்டுப் பெண்ணும் அவள் புருஷனும். அவர்களுக்கு அழைப்பு அனுப்பியது நான்தான். உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன், அவர்களுக்கு மட்டும் அனுப்பாமல் இருந்தால் நன்றாக இருக்காது. அவள் மேடையைப் பார்க்கவில்லை. முதல் வரிசையில் இருந்த ரிப்பன் சடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும் என்பதுபோலக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். நான் மேடை ஓரத்தில் நின்று அதைக் கவனித்தேன்.

வில்லுப்பாட்டு குத்தாலிங்கம் சுரண்டைக்காரர். தென்காசித் தெருக்கள் அவருக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்ததைப் பாடுவார். ஏழாம் தாள் வந்தது. கடகப்பெட்டியில் வந்த பிள்ளை என்று பாடியபோது முதல் வரிசைப் பிள்ளை கைதட்டிச் சிரித்தது. அதற்குக் கதை பிடித்திருந்தது. அடுத்து எல்லையைப் பாடினார். வில்லில் ஒரு வழக்கம் உண்டு, முன்பாட்டுக்காரர் பாடியதைப் பின்பாட்டுக்காரர் வாங்கித் திருப்பிப் பாடுவார். அதனால் நந்தவனமும் வண்டிப்பாதையும் வாய்க்காலும் கல்மண்டபமும் இரண்டு தடவை விழுந்தன. முதல் தடவை கொட்டகை அமைதியாக இருந்தது. இரண்டாம் தடவை தலைகள் திரும்பின.

முத்துவடிவு எழுந்துவிட்டாள். வாய் திறந்தது. நான் ஓரத்திலிருந்து கையைக் காட்டினேன், உட்கார் என்று. விதி இருக்கிறதல்லவா. அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய மனிதர்கள் நடுவில், மைக்குக்கு முன்னால், எழுதப் படிக்கத் தெரியாதவள். உட்கார்ந்துவிட்டாள். மீதி நான்கு தாளையும் அவள் உட்கார்ந்தபடியே கேட்டாள். சால்வையும் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பெண்ணின் புருஷன் சத்தம் போடவில்லை. எழுந்து வெளியே போனார், அவளும் பின்னால் போனாள். மறுநாள் காலையில் அவளைத் தகப்பன் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார். மாமா கதவைத் திறக்கவில்லை. திறந்தால் பாட்டில் வந்த வீடு இதுதான் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அவள் மத்தியானம் வரை வாசலில் நின்றாளாம். தெருவில் போகிறவர்கள் பார்க்காத மாதிரி போயிருக்கிறார்கள். மூன்று மணிக்கு மேல் அவளைக் காணோம். ஆடியில் சிற்றாறு இரண்டாள் ஆழம் போகும், உமக்கே தெரியும். செவ்வாய்க்கிழமை காலையில் தடுப்பணைப் பக்கம் துணி துவைக்கப் போனவர்கள் பார்த்துச் சொன்னார்கள். நான் போய்ப் பார்த்தேன். முறைமாப்பிள்ளை போகாமல் இருக்க முடியாது.

பத்து நாள் கழித்து வாசகசாலையில் விசாரணை மாதிரி ஒன்று நடந்தது. முத்துவடிவு வாசற்படியிலேயே நின்றாள்.

“இந்தத் தாள எனக்கு வாசிக்கல ஐயா” என்றாள்.

வக்கீல் அவளிடம் ஏழாம் தாளை நீட்டினார். “இது உன் கைநாட்டுதான?”

அவள் குனிந்து பார்த்தாள். “என்னுதுதான். ஆனா வாசிக்கல.”

“வல்லிநாயகம், நீர் என்ன சொல்லுதீர்?”

“வாசித்தேன்” என்றேன்.

நான் பத்திர எழுத்தன், அவள் கைநாட்டு. கமிட்டிக்கு அது போதுமாக இருந்தது. நடந்தது விதி, யாரையும் குறை சொல்ல முடியாது என்று எழுதி மூடினார்கள். முத்துவடிவு படியிறங்கும்போது கட்டைவிரலை முந்தானையில் துடைத்தாள். மை போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. தெருக்கோடி வரைக்கும் துடைத்துக்கொண்டே போனாள்.

இப்போது சொல்கிறேன். வாசிக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தபோது ஏழாம் தாள் என் தொடைக்கு அடியில் இருந்தது. காற்றுக்குப் பறக்காமல் இருக்க அங்கே வைத்தேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். மற்ற பத்துத் தாளுக்கும் கல் இருந்தது. ஆறிலிருந்து எட்டுக்குப் போகும்போது குரல் தடுமாறாமல் இருக்க, முந்தின நாள் வீட்டில் இரண்டு தடவை வாசித்துப் பழகியிருந்தேன். கைநாட்டு வாங்கும்போது அதை எடுத்து நடுவில் செருகினேன். எல்லை வரியையும் கை தானாக எழுதவில்லை. கல்மண்டபத்தைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன். அது இல்லாவிட்டால் பக்கத்து வீடு என்று யாராவது நினைத்துவிடலாம். எல்லையில் சந்தேகம் இருக்கக் கூடாதல்லவா. சேர்த்தேன்.

அந்தப் பெண் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, இது சத்தியம். ஊர் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். மாமா தெருவில் தலைகுனிந்து நடப்பதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. மனசு கிடந்து அறுக்கிறது, சுந்தரபாண்டியன். தினமும் யாராவது ஒருவர் கட்டைவிரலை நீட்டுகிறார்கள், நான் பிடித்து உருட்டுகிறேன். ஒவ்வொரு விரலும் அவள் விரலாகத்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் கைநாட்டுக்காரர்களுக்குப் பத்திரத்தை மூன்று தடவை வாசிக்கிறேன். போதும் அண்ணாச்சி, பஸ்ஸு போயிரும் என்கிறார்கள். பாதிப் பேர் பக்கத்து மரத்தடிக்குப் போய்விட்டார்கள். சிற்றாற்றுப் பாலத்தில் நடக்க மாட்டேன், சுற்றிப் போவேன். அந்த வருஷமே உடம்பு சரியில்லை என்று செயலாளர் வேலையை விட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஊர் ஒரு காரியம் செய்தது, அதையும் சொல்லியாக வேண்டும். யாரும் கூடிப் பேசவில்லை, கட்டளை போடவில்லை. அன்றைக்குக் கொட்டகையில் இருந்த அத்தனை தென்காசிக்காரரும் வாயை மூடிக்கொண்டார்கள். கூட விளையாடுகிற பிள்ளைகள்கூட அந்தப் பிள்ளையிடம் ஒன்றும் கேட்டதில்லை. அரை நாள் ஒருத்தி வாசலில் நின்றும் கதவு திறக்காத ஊர், ஏழு வருஷம் அதன் காதில் ஒரு சொல் விழாமல் பார்த்துக்கொண்டது. அது இன்றுவரை தன்னை முத்துவடிவின் தங்கச்சி மகள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் முத்துவடிவை அதற்குப் பிறகு பேறு பார்க்க யாரும் கூப்பிடவில்லை. வீட்டு ரகசியத்தை மேடையில் பாடக் கொடுத்தவள் என்று ஆகிவிட்டது. பீடி சுற்றுகிறாள்.

நான்கு வருஷத்துக்கு முந்தி, அண்ணன் விற்ற நிலத்துக்குச் சாட்சியாகப் பதிவு ஆபீஸுக்கு வந்தாள். அங்கே மைப்பெட்டியை நகர்த்தினார்கள். “பேனா தாங்க” என்றாள். குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக, ஆறெழுத்தையும் எழுதினாள். பிள்ளை சொல்லிக் கொடுத்திருக்கிறது. எழுதி முடித்து நிமிர்ந்து, ஜன்னல் வழியாக என் புங்கமரத்தை ஒரு பார்வை பார்த்தாள். நான் பெட்டிக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை என்னிடமே வந்தாள். ஏழு வருஷத்தில் முதல் பேச்சு.

“இந்த வருசம் உங்க கதையாம்லா ஐயா.”

“ஆமா.”

“பிள்ளைக்கு ஆவணியில கல்யாணம். மாப்பிள்ள வீட்டுக்காரவ சங்கரன்கோயில் பக்கம், நல்ல மாதிரி. சாரலுக்குக் குளிக்க வாராவளாம், விழாவும் பாக்கணுங்காவ. நான் வேண்டாம்னா ஏன்னு கேப்பாவ. உங்க கதையில எங்க கதை வரக்கூடாது. வேற ஒண்ணும் கேக்கல.”

“வராது” என்றேன்.

“எழுதித் தாங்க.”

எழுதினேன். அந்தப் பெண்ணின் பெயரும், அவள் பெற்ற பிள்ளையின் பெயரும் என் கதையில் எந்த இடத்திலும் வராது என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன். முத்துவடிவு அதை வாங்கி எழுத்துக்கூட்டி, உதடு அசைய, முழுசும் வாசித்தாள். ஒரு சொல்லையும் விடவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “நல்லா இருங்க ஐயா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏன் பேனாவை மூடிவிட்டீர்?

சொல்லும், கேட்கிறேன். “அண்ணாச்சி, இத மேடையில படிச்சா அந்தக் கல்யாணம் நின்னு போகும். மாப்பிள்ள வீட்டுக்காரவ முன் வரிசையில இருப்பாவ. பாரம் இறங்கணும்னா எங்கிட்ட சொன்னதோட விட்டுருங்க. நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்” என்கிறீர். நல்ல மனசு உமக்கு. நான் அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் உம்மிடம் சொன்னால் போதுமா? நீரா என்னைச் சாத்துக்குடியோடு வாசலில் நிறுத்தினீர்? நான் ஊருக்கு முன்னால் செய்தேன், ஊருக்கு முன்னால்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். விதிப்படி மேடையில் நான் வாய் திறக்கக் கூடாது. பேசாமல் உட்கார்ந்து, எல்லாரும் திரும்பிப் பார்க்க, முழுசும் கேட்பேன். அது எனக்குத் தண்டனை. ஏழு வருஷம் இதைச் சுமந்தவனுக்கு அதற்குக்கூட உரிமை இல்லையா? இந்தத் தாளை விட்டுவிட்டு என் கதையை எழுதினால் அது என் கதையே இல்லை.

பேனாவை எடும். முதலிலிருந்து வாசித்துக் காட்டும், ஒரு தாளையும் விட்டுவிடக் கூடாது. கேட்டுவிட்டு ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். முத்துவடிவுக்கு எழுதிக் கொடுத்ததையும் நான் மீறவில்லை. நன்றாகத் தேடிப் பாரும், அந்தப் பெண்ணின் பெயர் இதில் இல்லை, பிள்ளையின் பெயரும் இல்லை. நான்கு எல்லைதான் சொல்லியிருக்கிறேன்.